ஷியா மதகுருமார்கள், ஈரான் புரட்சி, ஆட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்காசிய வரலாறு பற்றி மாலை வகுப்பு ஒன்று நடத்துகிறேன். ஈரான் பற்றிய வகுப்பு வரும்போதெல்லாம் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்பவர்களில் மாணவர்கள் உண்டு, ஓய்வு பெற்றவர்கள் உண்டு, வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் பின்னால் வருபவை எளிதாகப் புரியும்.

1. ஷியான்னா யாரு? சுன்னிக்கும் அவங்களுக்கும் என்னதான் சண்டை?

நபிகள் நாயகம் 632இல் காலமானார். அவருக்குப் பின் சமுதாயத்தை யார் வழிநடத்துவது என்பதில்தான் பிரிவு தொடங்கியது. நபியின் மருமகன் அலிக்கும், அவர் வழிவந்தவர்களுக்கும் மட்டுமே அந்த உரிமை என்றவர்கள் ‘அலியின் தரப்பார்’, அதாவது ஷியாக்கள். அலியின் மகன் ஹுசைன் 680இல் இன்றைய ஈராக்கில் உள்ள கர்பலாவில் சிறு கூட்டத்தோடு கொல்லப்பட்டார். முஹர்ரம் பத்தாம் நாள் அனுசரிக்கப்படும் துக்கம் அதற்குத்தான். சென்னையில் ஆயிரம் விளக்கு என்ற பேட்டைக்குப் பெயர் கொடுத்த மசூதி ஷியாக்களுடையது. முஹர்ரம் துக்கம் அங்கும் நடக்கும்.

ஷியாக்களில் பெரும்பான்மையோர் அலியில் தொடங்கிப் பன்னிரண்டு இமாம்களை, அதாவது நபியின் குடும்பத்து வழிகாட்டிகளை, ஏற்பவர்கள். பன்னிரண்டாவது இமாம் 874இல் சிறுவராக இருந்தபோது மறைந்தார், இறக்கவில்லை, ஒருநாள் திரும்பி வருவார் என்பது அவர்கள் நம்பிக்கை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான ஆட்சியாளர் மறைந்திருக்கும்போது, அவர் வரும்வரை ஆட்சி செய்யும் உரிமை யாருக்கு? பின்னால் வரும் எல்லா விவாதமும் இந்த ஒரு கேள்வியிலிருந்து முளைத்ததுதான்.

2. நம்ம ஊர் பள்ளிவாசல் ஹஜ்ரத் மாதிரிதானே ஆயத்துல்லாவும்? ஏன் இவ்வளவு பெரிய ஆளா பேசறாங்க?

நம் ஊர் முஸ்லிம்கள் பெரும்பாலும் சுன்னிகள். இங்கே ஆலிம் படித்தவர், தொழுகை நடத்துகிறார், சந்தேகம் கேட்டால் சொல்கிறார், பெரும்பாலும் ஜமாஅத் கொடுக்கும் சம்பளத்தில் வாழ்கிறார். பன்னிரு இமாம் ஷியாக்களிடம் ஏற்பாடு வேறு. ஒவ்வொரு சாதாரண மனிதரும், மார்க்கச் சட்டத்தில் சுயமாக ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் தகுதி பெற்ற ஓர் அறிஞரைத் தேர்ந்தெடுத்து அவரைப் பின்பற்ற வேண்டும். அந்தத் தகுதி பெற்றவர் முஜ்தஹித். பின்பற்றுவதற்குப் பெயர் தக்லீது. பலர் பின்பற்றும் பெரிய முஜ்தஹிதை மர்ஜா என்பார்கள். பொதுவாக உயிரோடு இருப்பவரைத்தான் புதிதாகப் பின்பற்றத் தொடங்கலாம்.

இந்த முறை ஆதியிலிருந்து இப்படியே இருந்ததல்ல. நபிமொழிகளையும் இமாம்களின் சொற்களையும் தாண்டி அறிவைக் கொண்டு தீர்ப்பு வகுக்கலாமா என்று 18ஆம் நூற்றாண்டில் கர்பலாவில் கடும் வாதம் நடந்தது. கூடாது என்றவர்கள் அக்பாரிகள், வேண்டும் என்றவர்கள் உசூலிகள். வஹீத் பெஹ்பஹானி தலைமையில் உசூலிகள் வென்றார்கள். முஜ்தஹிதின் அதிகாரம் உறுதிப்பட்டது அதிலிருந்துதான்.

3. ஆயத்துல்லாங்கறது பேரா, பட்டமா? யார் கொடுக்கறாங்க?

பட்டம். ‘இறைவனின் அத்தாட்சி’ என்று பொருள். பல்கலைக்கழகம் மாதிரி தேதி குறித்துப் பட்டமளிப்பு விழா நடத்திக் கொடுப்பதல்ல. ஹவ்ஸா என்ற மதக்கல்விக் கூடத்தில் அரபி இலக்கணம், தர்க்கம் என்று தொடங்கி, குறித்த நூல்களை வரிக்கு வரி படித்து, கடைசியில் நூல் இல்லாமல் ஆசிரியரோடு வாதாடிப் படிக்கும் ‘காரிஜ்’ வகுப்புக்கு வர வேண்டும். அங்கேயே பத்து, பதினைந்து வருடம் உட்காருபவர்கள் உண்டு. வகுப்பில் மாணவர் ஆசிரியரை இடைமறித்து மறுப்பது அவமரியாதை இல்லை, அதுதான் பாடமே.

நடுத்தரப் படிப்பு உள்ளவரை ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்பார்கள். முஜ்தஹித் ஆனவர் ஆயத்துல்லா. மார்க்கத் தீர்ப்புக் கையேடு வெளியிட்டுத் தனக்கென்று பின்பற்றுவோர் உள்ளவர் பெரிய ஆயத்துல்லா. இதைத் தீர்மானிப்பது சக அறிஞர்களின் மதிப்பும் மக்களின் நம்பிக்கையும்தான். போப்பாண்டவர் மாதிரி ஒரே தலைவர் கிடையாது. ஒரே காலத்தில் பல மர்ஜாக்கள் இருப்பார்கள், ஒரே வீட்டில் அப்பா ஒருவரையும் மகள் இன்னொருவரையும் பின்பற்றலாம்.

4. சிலர் கறுப்புத் தலைப்பாகை, சிலர் வெள்ளை. பதவி வித்தியாசமா?

இல்லை. நபியின் வழித்தோன்றல்கள், அதாவது சையிதுகள், கறுப்புக் கட்டுவார்கள். மற்றவர்கள் வெள்ளை. ஈரானை ஆண்டவர்களில் கொமெய்னியும் கத்தாமியும் கறுப்பு, ரஃப்சஞ்சானியும் ரூஹானியும் வெள்ளை.

5. கொமெய்னி, காமனெயி ரெண்டு பேரும் ஒருத்தர்தானா?

இரண்டு பேர். ரூஹொல்லா கொமெய்னி 1902இல் கொமெய்ன் என்ற ஊரில் பிறந்தவர், புரட்சியின் தலைவர், 1989 ஜூன் 3 அன்று காலமானார். அலி காமனெயி 1939இல் மஷ்ஹதில் பிறந்தவர், ஈரானின் மதக்கல்வி மையமான கோம் நகரில் கொமெய்னியிடம் பாடம் கேட்டவர், 1981 முதல் எட்டு வருடம் குடியரசுத் தலைவர், 1989இல் கொமெய்னி இறந்த மறுநாள், குடியரசுத் தலைவருக்கும் மேலான உச்ச தலைவராகத் தேர்வானார். பெயர் மட்டும்தான் ஒத்து ஒலிக்கிறது. மதப் படிப்பில் இருவருக்கும் இருந்த இடைவெளி பெரியது, அதனால் வந்த சிக்கலை 13ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

6. இவங்களுக்கு சம்பளம் யார் கொடுக்கறது? அரசாங்கமா?

என்னைக் கேட்டால், ஷியா மதகுருமார்களின் அரசியலைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. குமுஸ் என்று ஒரு மதக் கடமை இருக்கிறது. வருடச் செலவு போக மிஞ்சியதில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் பாதி ‘இமாமின் பங்கு’. இமாம் மறைந்திருப்பதால் அது அவர் சார்பாக மர்ஜாவிடம் போகிறது. மறுபாதி ஏழை சையிதுகளுக்கு. டெஹ்ரான் கடைத்தெருவில் கம்பள வியாபாரி வருடக் கடைசியில் கணக்குப் பார்த்து, தான் பின்பற்றும் மர்ஜாவின் பிரதிநிதியிடம் பணத்தைக் கொடுப்பார். மர்ஜா ஈராக்கின் மதக்கல்வி நகரமான நஜஃபில் இருந்தாலும் பணம் எல்லை தாண்டிப் போய்ச் சேரும். அதிலிருந்துதான் மாணவர்களுக்கு மாதப்படி, பள்ளிகள், மருத்துவமனைகள் எல்லாம்.

ஆக, மன்னர் தயவு இல்லாமல் வாழ முடிந்த ஒரு கூட்டம் இது. மன்னருக்குப் பிடிக்காததைச் சொன்னால் சோறு போகாது. கூடவே கடைத்தெருவுக்கும் மதகுருவுக்கும் கொடுக்கல் வாங்கல், பெண் எடுப்பது கொடுப்பது என்று நெருங்கிய உறவு. அவர் சொன்னால் கடை அடைக்கப்படும், கடைக்காரர் கஷ்டப்பட்டால் அவர் குரல் கொடுப்பார்.

7. 1979க்கு முன்னாடி இவங்க அரசியல்ல இருந்ததே இல்லையா?

இருந்தார்கள், பல வேடங்களில். 1501இல் மன்னர் (ஷா) இஸ்மாயில் ஷியா மார்க்கத்தை ஈரானின் அரசு மதமாக்கினார். அப்போது ஈரானில் ஷியா அறிஞர்கள் போதவில்லை. லெபனானின் ஜபல் ஆமில் மலைப்பகுதியிலிருந்தும் அறிஞர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அரசவையோடு ஒட்டி வாழ்ந்த காலம் அது.

எதிர்த்து நின்றதற்கு முதல் பெரிய உதாரணம் புகையிலைப் போராட்டம். 1890இல் நாஸிருத்தீன் ஷா, டால்பட் என்ற ஆங்கிலேயருக்கு ஈரானின் மொத்தப் புகையிலை வியாபாரத்தையும் 50 வருடத்துக்கு எழுதிக் கொடுத்தார். தனக்குக் கிடைப்பது வருடம் 15,000 பவுண்டும், லாபத்தில் கால் பங்கும். விளைவித்தவன் முதல் விற்றவன் வரை எல்லோர் வயிற்றிலும் அடி. 1891 டிசம்பரில், ஈராக்கின் சாமர்ராவில் இருந்த மர்ஜா மிர்ஸா ஹசன் ஷீராஸியின் பேரில் ஒரு ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) பரவியது. இனிப் புகையிலையை எந்த விதத்தில் பயன்படுத்தினாலும் அது மறைந்திருக்கும் இமாமுக்கு எதிராகப் போர் தொடுப்பது போல என்றது அது. ஒரே ஒரு வரிதான். நாடே ஹூக்காவைக் கீழே வைத்தது. ஷாவின் அந்தப்புரத்திலேயே பெண்கள் புகைக்க மறுத்துவிட்டார்கள். 1892 ஜனவரியில் ஒப்பந்தம் ரத்தானது. நஷ்டஈடு கொடுக்க 5 லட்சம் பவுண்டு கடன் வாங்க வேண்டியதாயிற்று. 6ஆம் பதிலில் சொன்ன கடைத்தெரு உறவு எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம்.

8. அப்போ மதகுருமார்கள் எல்லாரும் ஒரே கட்சின்னு சொல்லலாமா?

சொல்லவே கூடாது. நான் வகுப்பில் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது இதைத்தான். 1905 முதல் 1911 வரை நடந்த அரசியலமைப்புப் புரட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஷாவின் அதிகாரத்துக்கு வரம்பு வேண்டும், நாடாளுமன்றம் வேண்டும் என்ற போராட்டம். டெஹ்ரானில் பெஹ்பஹானி (2ஆம் பதிலில் வந்தவர் அல்லர்), தபாதபாயி என்ற இரண்டு பெரிய முஜ்தஹித்கள் முன்னால் நின்றார்கள். 1906 கோடையில் அவர்கள் கோமுக்கு வெளியேற, வியாபாரிகளும் மாணவர்களுமாகப் பல்லாயிரம் பேர் பிரிட்டிஷ் தூதரக வளாகத்தில் அடைக்கலம் புகுந்து அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு உட்கார்ந்தார்கள். ஷா இறங்கி வந்தார்.

அதே சமயம் டெஹ்ரானின் இன்னொரு பெரிய அறிஞர் ஷேக் ஃபஸ்லுல்லாஹ் நூரி, மனிதர்கள் கூடிச் சட்டம் இயற்றுவது மார்க்கத்துக்கே விரோதம் என்று நாடாளுமன்றத்தை எதிர்த்து ஷாவின் பக்கம் நின்றார். நஜஃபில் ஆகூந்த் குராஸானி அரசியலமைப்புக்கு ஆதரவு கொடுத்தார். அவர் வட்டத்தைச் சேர்ந்த நாயீனி, இமாம் மறைந்திருக்கும் காலத்தில் கொடுங்கோன்மைக்கு வரம்பு கட்டுவது கடமை என்று 1909இல் ஒரு நூலே எழுதினார். அந்த வருடம் ஜூலை 31 அன்று, வென்ற அரசியலமைப்புத் தரப்பு நூரியை டெஹ்ரானில் பொது இடத்தில் தூக்கிலிட்டது. இரண்டு பக்கமும் மதகுருமார்கள், இரண்டு பக்கமும் ஒரே மறைநூலைத்தான் காட்டினார்கள். பின்னாளில் இஸ்லாமியக் குடியரசு நூரியைத் தியாகியாகக் கொண்டாடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

9. கொமெய்னி திடீர்னு எங்கிருந்து வந்தார்? அவர் இந்தியாக்காரர்னு சொல்றாங்களே?

அவருடைய தாத்தா சையித் அஹ்மத், இன்றைய உத்தரப்பிரதேசத்தில் பாராபங்கி பக்கம் கிந்தூர் என்ற ஊரிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் போய்க் கொமெய்னில் குடியேறியவர். இந்தியத் தொடர்பு அவ்வளவுதான். குடும்பத்தின் பூர்வீகம் ஈரானின் நிஷாப்பூர் என்பார்கள்.

1950களில் கோமின் பெரிய மர்ஜாவாக இருந்த புரூஜெர்தி அரசியலைத் தவிர்த்தவர். அவர் 1961இல் இறந்த பிறகுதான் கொமெய்னி வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். 1963இல் அன்றைய மன்னர் முகமது ரெஸா ஷாவின் ‘வெண் புரட்சி’ என்ற சீர்திருத்தத் திட்டங்களைத் தாக்கிப் பேசி ஜூன் 5 அன்று கைதானார். தெருவில் இறங்கிய மக்கள் சுடப்பட்டார்கள். அடுத்த வருடம், ஈரானில் இருக்கும் அமெரிக்க ராணுவத்தினரை ஈரான் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று சட்டம் வந்தது. ஓர் அமெரிக்கச் சமையல்காரன் உங்கள் ஷாவின் மேல் காரை ஏற்றினாலும் யாரும் கேட்க முடியாது, ஆனால் ஓர் ஈரானியன் அமெரிக்க நாயின் மேல் ஏற்றினால் வழக்கு வரும் என்ற பொருளில் அவர் பேசினார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்த ஒரு உதாரணம் போதும். 1964 நவம்பர் 4 அன்று துருக்கிக்கு நாடு கடத்தப்பட்டு, அடுத்த வருடம் நஜஃபுக்குப் போனார். அங்கே 13 வருடம்.

10. 1979 புரட்சி மதகுருமார்கள் பண்ணினதுதானே?

அவர்கள் மட்டும் என்றால் தவறு. இடதுசாரிகள், தேசிய முன்னணியினர், பல்கலைக்கழக மாணவர்கள், எழுத்தாளர்கள், மாபெரும் எண்ணிக்கையில் பெண்கள், எல்லோரும் இருந்தார்கள். இளைஞர்களிடம் ஷியா மார்க்கத்தைப் புரட்சி மொழியில் பேசி ஈர்த்த அலி ஷரீஅத்தி தலைப்பாகைக்காரரே இல்லை, சமூகவியல் கற்பித்தவர், மதகுருமார்களைக் கடுமையாக விமர்சித்தவர். ஷாவின் முதுகெலும்பை உடைத்தது 1978 இலையுதிர் காலத்தில் எண்ணெய்த் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம்.

ஆனால் நாடு முழுக்க ஒரு வலைப்பின்னல் மதகுருமார்களிடம் மட்டும்தான் இருந்தது. கட்சிகளை ஷா நசுக்கிவிட்டார், மசூதியை மூட முடியவில்லை. 1978 ஜனவரியில் ஓர் அரசு ஆதரவு நாளேடு கொமெய்னியை இழிவுபடுத்திக் கட்டுரை போட்டது. ஜனவரி 9 அன்று கோமில் ஊர்வலம், துப்பாக்கிச்சூடு, சாவு. இறந்தவருக்கு நாற்பதாம் நாள் அனுசரிப்பது வழக்கம். பிப்ரவரி 18, நாற்பதாம் நாள், தப்ரீஸில் கூட்டம், அங்கேயும் சாவு. அதற்கு நாற்பது நாள் கழித்து யஸ்த் முதலான ஊர்கள். துக்கமே போராட்டத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தது. 1ஆம் பதிலில் சொன்ன கர்பலா அவர்களுக்கு வெறும் பழங்கதை இல்லை. ஷாவை ஹுசைனைக் கொல்லச் சொன்ன யஸீதாகப் பார்க்க மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிறகு கேசட். 1978 அக்டோபரில் ஈராக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட கொமெய்னி, பாரிசுக்கு வெளியே நோஃப்ல் லெ ஷாத்தோ என்ற கிராமத்தில் தங்கினார். தோட்டத்து ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து பேசுவார். பேச்சு தொலைபேசி வழியாக ஈரானில் பதிவாகி, நகலெடுக்கப்பட்டு, மசூதி மசூதியாகப் போகும். அந்தக் குளிர்காலத்தில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது பல இடங்களில் பங்கிட்டுக் கொடுத்ததும் மசூதிக் குழுக்களே. ஷா 1979 ஜனவரி 16 அன்று வெளியேறினார். பிப்ரவரி 1 அன்று கொமெய்னி வந்திறங்கினார். பத்து நாளில் பழைய அரசு விழுந்தது.

11. விலாயத்தே ஃபகீஹ்னு அடிக்கடி சொல்றீங்க. சுருக்கமா என்னன்னு சொல்லுங்க.

‘ஃபகீஹ்’ என்றால் மார்க்கச் சட்ட வல்லுநர். ‘விலாயத்’ என்றால் பொறுப்பாளராக இருக்கும் அதிகாரம். பெற்றோர் இல்லாத குழந்தை, கேட்பாரற்ற வக்ஃபு சொத்து, இவற்றுக்கு ஃபகீஹ் பொறுப்பாளர் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. நஜஃபின் பெரிய மர்ஜா கூயி, ஏறத்தாழ இந்த அளவோடு நின்றுகொள்ள வேண்டும் என்றவர். கொமெய்னி 1970 தொடக்கத்தில் நஜஃபில் நடத்திய பாடங்களில் அதை நாட்டுக்கே விரித்தார். இமாம் இல்லாத காலத்திலும் இறைச்சட்டம் நடக்க வேண்டும், அதை நடத்த அரசு வேண்டும், அந்தச் சட்டம் தெரிந்தவர்தான் அரசுக்குத் தலைமை தாங்க வேண்டும் என்பது வாதம்.

ஷியா மார்க்கத்தின் ஆயிரம் வருட மரபில் இது புதுசு. ‘ஷியாக்கள் என்றாலே மதகுரு ஆட்சி’ என்று நினைப்பவர்கள் இந்த வருடத்தைக் கவனிக்க வேண்டும்: 1970.

12. புரட்சிக்கு முன்னாடியே ஆட்சியைப் பிடிக்கப் போறோம்னு சொன்னாங்களா? மக்கள் தெரிஞ்சுதான் ஓட்டு போட்டாங்களா?

பாரிசில் பேட்டி கொடுத்தபோது, தான் பதவி எதையும் ஏற்கப் போவதில்லை, வழிகாட்டுவதோடு சரி என்றே கொமெய்னி சொன்னார். நஜஃப் பாடங்கள் அச்சில் இருந்தாலும் படித்தவர்கள் குறைவு. 1979 மார்ச் கடைசியில் நடந்த வாக்கெடுப்பில் ‘இஸ்லாமியக் குடியரசு, ஆமா இல்லையா’ என்பது மட்டும்தான் கேள்வி. 98 சதவீதத்துக்கு மேல் ஆமாம் என்று அறிவிக்கப்பட்டது. அது எப்படிப்பட்ட குடியரசு என்பது அப்போது எங்கும் எழுதப்படவில்லை.

ஜூனில் வெளியான முதல் அரசியலமைப்பு வரைவில் விலாயத்தே ஃபகீஹ் இல்லை. கொமெய்னியும் அதைச் சிறு திருத்தங்களோடு ஏற்றார். வரைவைப் பரிசீலிக்க ஆகஸ்டில் கூடிய நிபுணர் சபையில் பெரும்பான்மை மதகுருமார்கள். அங்கேதான் அது உள்ளே நுழைந்தது. நவம்பர் 4 அன்று அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டது, மிதவாதப் பிரதமர் பாஸர்கான் ராஜினாமா செய்தார், அந்தக் கொந்தளிப்பு நடுவே டிசம்பர் தொடக்கத்தில் புதிய அரசியலமைப்பு வாக்கெடுப்பில் நிறைவேறியது. தெரிந்துதான் ஓட்டுப் போட்டார்களா என்றால், பலர் கொமெய்னி என்ற மனிதரை நம்பிப் போட்டார்கள் என்பதே என் பதில்.

13. மர்ஜாதான் பெரியவர்னா, காமனெயி மர்ஜாவா இருந்தாரா?

1989இல் இல்லை. 3ஆம் பதிலில் சொன்ன படிகளில் அவர் அப்போது ஹுஜ்ஜத்துல் இஸ்லாம். 1979 அரசியலமைப்போ உச்ச தலைவர் மர்ஜாவாக இருக்க வேண்டும் என்றது. அந்த இடத்துக்கு முன்கூட்டியே தேர்வாகியிருந்தவர் பெரிய ஆயத்துல்லா முன்தஸிரி. அவர் விலக்கப்பட்டதால் (அடுத்த பதில்) மர்ஜா நிபந்தனையை நீக்க ஏற்பாடு தொடங்கியது. திருத்தம் வாக்கெடுப்புக்குப் போனது ஜூலை 28இல். தேர்வு நடந்ததோ ஜூன் 4இல்.

அன்று, உச்ச தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நிபுணர் சபையில் (1979இல் அரசியலமைப்பை எழுதிய சபை வேறு) எடுத்த காணொளி 2018இல் வெளியே வந்தது. என்னைப் போன்ற ஒருவரின் பெயரை யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று இந்தச் சமுதாயம் ரத்தக் கண்ணீர் வடிக்க வேண்டும் என்று காமனெயியே அதில் பேசுகிறார். மார்க்க விஷயத்தில் பின்பற்ற, வயது முதிர்ந்த மர்ஜா அராக்கியை மக்களுக்குக் காட்டினார்கள். 1994இல் அவர் இறந்த பிறகுதான் கோமின் ஆசிரியர் சங்கம் காமனெயியை மர்ஜாக்களின் பட்டியலில் சேர்த்தது. படிப்பால் வந்த மரியாதை அதிகாரத்தைத் தந்த காலம் போய், அதிகாரம் மரியாதையைத் தேடிப் போக வேண்டிய நிலை வந்தது இங்கேதான்.

14. எதிர்த்த மதகுருமார்கள் யாராவது உண்டா? இருந்தா என்ன ஆனாங்க?

நிறையப் பேர். இருவரை மட்டும் சொல்கிறேன். ஷரீஅத்மதாரி, புரட்சி நேரத்தில் கோமில் இருந்த மிகப் பெரிய மர்ஜாக்களில் ஒருவர், ஈரானின் அஜர்பைஜான் பகுதியில் லட்சக்கணக்கானோர் அவரைப் பின்பற்றினார்கள். ஃபகீஹின் அதிகாரத்தை வைத்த அரசியலமைப்பை அவர் ஏற்கவில்லை. 1982இல் ஆட்சிக் கவிழ்ப்புச் சதியில் தொடர்பு என்று குற்றம்சாட்டி அவருடைய மர்ஜா தகுதியையே பறித்ததாக அறிவித்தார்கள். ஒரு மர்ஜாவைப் பதவி நீக்கம் செய்வது என்பது ஷியா வரலாற்றில் கேள்விப்படாத செயல். 1986இல் வீட்டுக்காவலில் இறந்தார்.

முன்தஸிரியின் கதை என்னை எப்போதும் உலுக்கும். 1979 நிபுணர் சபைக்குத் தலைமை தாங்கி விலாயத்தே ஃபகீஹை அரசியலமைப்பில் ஏற்றியவர்களில் முதல்வர் அவர். 1988 கோடையில் சிறைகளில் ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகள் தூக்கிலிடப்பட்டபோது, அந்த வேலையில் இருந்த அதிகாரிகளை நேரே உட்கார வைத்து, இஸ்லாமியக் குடியரசு செய்த மிகப் பெரிய குற்றம் இதுதான், வரலாறு உங்களைக் குற்றவாளிகளாக எழுதும் என்றார். அந்த ஒலிப்பதிவு 2016இல் வெளியானது. இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாட்டின் உச்ச பதவி அவருக்குத்தான். 1989 மார்ச்சில் விலக்கப்பட்டார். 1997இல் காமனெயியின் தகுதியைக் கேள்வி கேட்டதற்கு ஐந்து வருடத்துக்கு மேல் வீட்டுக்காவல். 2009 டிசம்பரில் இறந்தபோது, கோமில் திரண்ட கூட்டம் அரசுக்கு எதிரான ஊர்வலமாகவே மாறியது.

மதகுருமார்களை விசாரிக்க மட்டும் 1987 முதல் தனி நீதிமன்றம் இயங்குகிறது. மொஹ்சென் கதீவர், அப்துல்லா நூரி என்று சீர்திருத்தம் பேசிய தலைப்பாகைக்காரர்கள் 1999இல் அதன் தீர்ப்பால் சிறை போனார்கள்.

15. தேர்தல்தான் நடக்குதே, நாடாளுமன்றம் இருக்கே. அப்புறம் எப்படி மதகுரு ஆட்சின்னு சொல்றது?

தேர்தல் நடக்கிறது, முடிவு சில சமயம் எல்லோரையும் வியக்க வைத்ததும் உண்டு. 1997இல் கத்தாமி ஏறக்குறைய 70 சதவீத வாக்கு வாங்கி வந்தார். 2024 வரை வந்த ஒன்பது குடியரசுத் தலைவர்களில் நால்வர் மதகுருமார் அல்லர். அந்த ஒன்பதில் கடைசியாக 2024இல் வந்த பெஸெஷ்கியான் இதய அறுவை சிகிச்சை மருத்துவர்.

ஆனால் யார் போட்டியிடலாம் என்று சலித்தெடுப்பது காவலர் மன்றம். பன்னிரண்டு பேர். ஆறு ஃபகீஹ்களை உச்ச தலைவர் நியமிக்கிறார். மற்ற ஆறு சட்ட வல்லுநர்களை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது, ஆனால் பெயர்களைக் கொடுக்கும் நீதித்துறைத் தலைவர் உச்ச தலைவரால் நியமிக்கப்பட்டவர். உச்ச தலைவரைத் தேர்ந்தெடுப்பது 88 மதகுருமார்கள் கொண்ட நிபுணர் சபை, அதற்கு மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள், வேட்பாளர்களைச் சலிப்பது மறுபடி காவலர் மன்றம். சுற்றி வந்து ஒரே புள்ளியில் முட்டுவதைப் பாருங்கள். ராணுவம், நீதித்துறை, அரசு வானொலி தொலைக்காட்சி எல்லாம் உச்ச தலைவர் கையில்.

இந்தச் சல்லடை பெரிய மதகுருமார்களையும் விடவில்லை. குடியரசை நிறுவியவர்களில் ஒருவரான ரஃப்சஞ்சானி 2013இல் நிராகரிக்கப்பட்டார். கொமெய்னியின் சொந்தப் பேரன் ஹசன் 2016இல் நிபுணர் சபைக்குத் தகுதியில்லை எனப்பட்டார். 2024இல் முன்னாள் குடியரசுத் தலைவர் ரூஹானிக்கும் அதே கதி.

16. மார்க்கச் சட்டமும் அரசாங்கத் தேவையும் மோதினா எது ஜெயிக்கும்?

அரசாங்கத் தேவை. 1980களில் நாடாளுமன்றம் நகர்ப்புற நிலம், தொழிலாளர் உரிமை பற்றிச் சட்டங்கள் கொண்டு வர, தனிச்சொத்து உரிமைக்கு விரோதம் என்று காவலர் மன்றம் தடுத்துக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் கொமெய்னியின் ஆட்கள். 1988 ஜனவரியில் அவர் ஒரு கடிதம் எழுதினார். இஸ்லாமிய அரசைக் காப்பது தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகியவற்றுக்கும் முந்தியது, தேவைப்பட்டால் அரசு ஹஜ்ஜையே தற்காலிகமாக நிறுத்தலாம், சாலைக்காக மசூதியை இடிக்கலாம் என்றார். அடுத்த மாதமே சிக்கல்களைத் தீர்க்க ‘நலன் கண்டறியும் மன்றம்’ உருவானது.

மார்க்கச் சட்டத்தை நடத்தத்தான் அரசு வேண்டும் என்பது 1970இன் வாதம் (11ஆம் பதில்). பதினெட்டு வருடம் கழித்து அரசைக் காக்க மார்க்கச் சட்டத்தை ஒதுக்கி வைக்கலாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டது. எதிர்ப்பவர்கள் மட்டும் சொல்லும் வாதம் இல்லை இது, கடிதத்தின் வாசகமே அப்படித்தான்.

17. ஈராக்கிலயும் ஷியாக்கள்தானே அதிகம்? அங்கே ஏன் இந்த மாதிரி ஆட்சி வரலை?

நஜஃபில் வேறு மரபு. கூயிக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த அலி சிஸ்தானி, மஷ்ஹதில் பிறந்த ஈரானியர். இமாம் அலியின் அடக்கத்தலத்துக்குப் பக்கத்துச் சந்தில் சாதாரண வாடகை வீடு. 2003இல் அமெரிக்கா ஈராக்கைப் பிடித்தபோது, நிர்வாகி பிரெமர் தேர்வு செய்த ஆட்களை வைத்து அரசியலமைப்பு எழுதத் திட்டமிட்டார். சிஸ்தானி அந்த ஜூனில் ஒரு ஃபத்வா கொடுத்தார்: எழுதுபவர்களை ஈராக்கியர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரெமரை ஒருமுறைகூட அவர் சந்திக்கவில்லை. திட்டம் மாறியது. 2014இல் மோசூல் நகரம் ஐஎஸ் தீவிரவாதிகள் கையில் விழுந்ததும் நாட்டைக் காக்க ஆயுதம் ஏந்தச் சொன்னார், பல்லாயிரம் பேர் திரண்டார்கள். 2019 போராட்டத்தில் பிரதமர் அப்துல் மஹ்தி ராஜினாமா செய்ததும் அவர் பிரதிநிதியின் வெள்ளிக்கிழமை உரைக்குப் பிறகே.

அரசியலே வேண்டாம் என்பவர் என்று அவரைச் சொல்வது சரியில்லை. நாற்காலியில் உட்காராமல், நெருக்கடி வரும்போது மட்டும் பேசுபவர். நாயீனி 1909இல் எழுதியதோடு (8ஆம் பதில்) சேர்த்துப் பார்த்தால் இந்த வழியின் வேர் தெரியும்.

18. பெண்கள் முஜ்தஹித் ஆக முடியுமா?

ஆகியிருக்கிறார்கள். இஸ்ஃபஹானைச் சேர்ந்த நுஸ்ரத் அமீன், 1886இல் பிறந்தவர், பெரிய ஆண் அறிஞர்களிடமிருந்தே முஜ்தஹித் என்ற அங்கீகாரம் பெற்றார். ஆண் அறிஞர்கள் சிலர் அவரிடம் அங்கீகாரம் பெற்றதும் உண்டு. ஆனால் மற்றவர்கள் பின்பற்றும் மர்ஜாவாகப் பெண் இருக்க முடியாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் நிலை. நிபுணர் சபைக்கு எந்தப் பெண்ணும் இதுவரை தேர்வாகவில்லை.

19. ஆட்சி கையில வந்ததால மதகுருமார்களுக்கு லாபமா, நஷ்டமா?

பணமும் கட்டடமும் என்று பார்த்தால் லாபம். மஷ்ஹத் இமாம் ரிஸா அடக்கத்தலத்தின் அறக்கட்டளை நிலம், ஆலை, கம்பெனி என்று பெரும் சாம்ராஜ்யம். கோம் ஹவ்ஸாக்களுக்கு அரசு பட்ஜெட்டிலேயே ஒதுக்கீடு உண்டு. ஆனால் 6ஆம் பதிலை நினைத்துப் பாருங்கள். மன்னர் பணம் வேண்டாம் என்று நிமிர்ந்து நின்றதால்தான் 1891இல் ஒரு வரி ஃபத்வாவுக்கு நாடு பணிந்தது. அரசிடம் மாதப்படி வாங்குபவர் அரசைப் பற்றி என்ன சொன்னாலும் மக்கள் அதை அரசின் குரலாகத்தான் கேட்பார்கள்.

முன்பு விலைவாசி ஏறினால் ஷாவைத் திட்டிவிட்டு ஆறுதலுக்கு மதகுருவிடம் போவார்கள். இப்போது மதகுருவைத்தான் திட்டுகிறார்கள். 2022 செப்டம்பரில், முக்காடு சரியில்லை என்று பிடிக்கப்பட்ட இளம்பெண் மஹ்சா அமீனி காவலில் இறந்த பிறகு நடந்த போராட்டத்தில், பள்ளி மாணவர்கள் தெருவில் போகும் மதகுருவின் பின்னால் ஓடி வந்து தலைப்பாகையைத் தட்டிவிட்டு ஓடினார்கள். கைபேசியில் எடுத்த அந்தக் காட்சிகளைப் பார்த்தால், விழுந்த தலைப்பாகையைக் குனிந்து எடுப்பவர் பெரும்பாலும் யாரோ ஒரு சாதாரண மதகுரு, அதிகாரத்தில் இருப்பவராகத் தெரியாது. அதிகாரத்தில் இருப்பவர்கள் தெருவில் நடப்பதில்லை.

20. நாளைக்கு ஈரான்ல இந்த ஆட்சி முறை போயிட்டா, மர்ஜாக்களும் போயிடுவாங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் 2, 6, 17 மூன்றையும் சேர்த்து மறுபடி படிக்க வேண்டும். விலாயத்தே ஃபகீஹ் ஆட்சி 1979இல் வந்தது. தக்லீதும் குமுஸும் அதற்கு முன்பே பல தலைமுறை கண்டவை. கடைசி ஷாவின் தந்தை ரெஸா ஷா 1928இல் தலைப்பாகை கட்ட அரசு அனுமதி வேண்டும் என்று சட்டம் போட்டார், 1930களில் வக்ஃபு சொத்துகளை அரசு பக்கம் திருப்பினார், பெண்களின் முக்காட்டைப் போலீசை வைத்து அகற்றினார். கோம் ஹவ்ஸாவில் மாணவர்கள் குறைந்தார்கள். அந்த நெருக்கடியில் அதை நடத்தியவர் ஹாயிரி யஸ்தி. 1922இல் கோமில் ஹவ்ஸாவைப் புதுப்பித்தவரும் அவர்தான். ஷாவோடு மோதாமல், வகுப்பை மட்டும் நிறுத்தாமல் 1937இல் இறக்கும்வரை நடத்திக்கொண்டிருந்தார். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர்களில் ஒருவர் கொமெய்னி.